20 லிட்டர் பீருக்கு எத்தனை ஈஸ்ட்?

வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான செய்முறைக் குறிப்பு எதை எடுத்தாலும் மால்ட் இத்தனை கிலோ, ஹாப்ஸ் இத்தனை கிராம், கொதி வந்து எத்தனையாவது நிமிடத்தில் அதைப் போட வேண்டும் என்பது வரை நுணுக்கமாக எழுதியிருப்பார்கள். கடைசி வரிக்கு வந்ததும் ‘ஈஸ்ட் ஒரு பாக்கெட்’ என்று முடித்துவிடுவார்கள். எத்தனை லிட்டருக்கு ஒரு பாக்கெட், சாற்றில் சர்க்கரை எவ்வளவு, அந்தப் பாக்கெட் எத்தனை மாதப் பழசு என்ற பேச்சே இருக்காது. மால்ட் நூறு கிராம் கூடக்குறையப் போனால் பீர் கொஞ்சம் திடமாகவோ நீர்த்தோ வரும், அவ்வளவுதான். உயிருள்ள ஈஸ்ட் கால்வாசியாகக் குறைந்தால் வருவது வேறொரு பானம். வீட்டு பீரில் அடிக்கடி தட்டுப்படும் பச்சை ஆப்பிள் வாடை, உருகிய வெண்ணெய் வாடை, தொண்டையைச் சுடும் சாராயக் காட்டம் ஆகியவற்றின் மூலத்தைத் தேடிப் போனால் பல நேரங்களில் இந்தக் கடைசி வரியில்தான் போய் நிற்போம்.

முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான சாறு கிடைக்கும். வோர்ட் என்பது அதன் பெயர். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆற்றும் வரைதான் மனிதர் வேலை. அதற்குப் பிறகு வாளிக்குள் நடப்பதெல்லாம் ஈஸ்ட்டின் வேலை. அது வோர்ட்டின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டைஆக்சைடும் தருகிறது, போகிற போக்கில் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்களையும் விட்டுச் செல்கிறது. எந்தப் பொருள் எவ்வளவு வரும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, வேலையைத் தொடங்கும்போது அங்கே எத்தனை செல்கள் இருந்தன, அவை எவ்வளவு தெம்போடு இருந்தன என்பதுதான்.

பீர் ஆலைகளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. வோர்ட்டின் சர்க்கரையைப் பிளாட்டோ என்ற அளவில் சொல்வார்கள். 12 டிகிரி பிளாட்டோ என்றால் 100 கிராம் வோர்ட்டில் ஏறக்குறைய 12 கிராம் சர்க்கரை. ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளாட்டோவுக்கு 10 லட்சம் செல் என்பது பழைய விதி. வீட்டில் காய்ச்சுவோர் இதைச் சற்றே திருத்தி, ஏல் வகைக்கு ஏழரை லட்சம், லாகர் வகைக்கு 15 லட்சம் என்று வைத்துக்கொள்கிறார்கள். சாதாரண ஏல் 12 டிகிரியில் தொடங்கும். அப்படியானால் மில்லிலிட்டருக்கு 90 லட்சம் செல் வேண்டும். 20 லிட்டர் வாளிக்கு 18,000 கோடி. அதே வாளியில் லாகர் என்றால் 36,000 கோடி. ஒரே ஒரு செல்லிலிருந்து தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால் 18,000 கோடியை எட்ட 37, 38 முறை இரட்டிக்க வேண்டும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் செய்து காட்டியது இதைத்தான். வேறு ஈஸ்ட்கள் கலந்துபோன ஆலை ஈஸ்ட்டிலிருந்து நல்ல ஈஸ்ட்டின் தனிச் செல்லைப் பிரித்தெடுத்து, அதை மட்டும் வளர்த்து, ஆலைக்கே போதுமான அளவுக்குப் பெருக்கினார்.

லாகருக்கு ஏன் இரட்டிப்பு? ஏல் சுமார் 20 டிகிரி செல்சியஸில் நொதிக்கும். லாகர் 10 டிகிரியையொட்டி. அந்தக் குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் பெருகும். ஆகவே ஆரம்பத்திலேயே கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள்.

போட்டது குறைவாக இருந்தால் என்ன, அது பெருகிக்கொள்ளாதா என்று கேட்கலாம். பெருகும்தான். சிக்கலே அந்தப் பெருக்கத்தில்தான் இருக்கிறது.

மில்லிலிட்டருக்கு 90 லட்சத்தில் தொடங்கும் ஈஸ்ட், நொதித்தல் உச்சத்துக்கு வரும்போது சுமார் ஐந்து கோடியை எட்டும். அதற்கு இரண்டு மூன்று முறை இரட்டித்தால் போதும். எட்டில் ஒரு பங்கு ஈஸ்ட் போட்டவருக்கு அதற்கு மேலும் மூன்று இரட்டிப்பு தேவைப்படும். ஒவ்வொரு முறை மொட்டுவிட்டுப் பிரியும்போதும் தாய்ச் செல் தன் உறையின் சரக்கில் பாதியைச் சேய்க்குக் கொடுத்தாக வேண்டும். செல்லுறை நெகிழ்வாகவும் உறுதியாகவும் இருக்க ஸ்டெரால், நிறைவுறாக் கொழுப்பு அமிலம் என்று சில பொருள்கள் வேண்டும். இவற்றைப் புதிதாகச் செய்ய ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. வோர்ட்டைக் கொதிக்கவைத்ததில் ஆக்சிஜன் எல்லாம் போய்விட்டது. ஆறிய பிறகு குலுக்கிக் காற்றேற்றினாலும் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவில்தான் கரையும், அதையும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு இரட்டிப்பிலும் கையிருப்பு பாதி பாதியாகத்தான் பிரிகிறது. மூன்று தலைமுறையில் எட்டில் ஒன்று, ஐந்து தலைமுறையில் முப்பத்திரண்டில் ஒன்று. இப்படி உறை மெலிந்த செல்லால் ஆல்கஹாலைத் தாங்க முடியாது. சர்க்கரை மிச்சமிருக்கும்போதே ஓய்ந்து அடியில் படிந்துவிடும். பாதியில் நின்றுபோன பீர் என்று புலம்புவது இதைத்தான்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் இருக்கும் வரை ஈஸ்ட் சுவாசிக்கிறது, தீர்ந்ததும் நொதிக்கத் தொடங்குகிறது என்று பல கையேடுகளில் காணலாம். வோர்ட்டில் அப்படி நடப்பதில்லை. சர்க்கரை மண்டிக் கிடக்கும் இடத்தில், ஆக்சிஜன் இருந்தாலும்கூட இந்த ஈஸ்ட் ஆல்கஹால் வழியையே தேர்ந்தெடுக்கும். கிராப்ட்ரீ விளைவு என்று இதற்குப் பெயர். காற்றேற்றுவது செல்லுறை கட்டத் தேவையான ஆக்சிஜனைக் கொடுப்பதற்காக மட்டுமே.

வாடைகளுக்கு வருவோம். பெருகும் செல் புரதம் கட்ட வேண்டும், அதற்கு அமினோ அமிலங்களைச் செய்தாக வேண்டும். வேலின் என்ற அமினோ அமிலத்தைச் செய்யும் வழியில் உருவாகும் ஓர் இடைப்பொருள் செல்லுக்கு வெளியே கசிந்து, தானாகவே டைஅசிட்டைலாக மாறுகிறது. வெண்ணெய் வாடை இதுதான். நல்ல தெம்புள்ள ஈஸ்ட் நொதித்தலின் கடைசிக் கட்டத்தில் டைஅசிட்டைலைத் திரும்ப உறிஞ்சி, வாசனை அநேகமாக இல்லாத வேறு பொருளாக மாற்றிவிடும். களைத்துப்போய்ச் சீக்கிரமே படிந்த ஈஸ்ட் அந்தத் துப்புரவு வேலையைச் செய்யாமலே போய்விடும். பச்சை ஆப்பிள் வாடை தரும் அசிட்டால்டிஹைடின் கதையும் ஏறக்குறைய இதேதான். சர்க்கரையிலிருந்து ஆல்கஹாலுக்குப் போகும் பாதையின் கடைசிக்கு முந்திய படி அது, வேலை முழுதாக முடியவில்லை என்பதன் அடையாளம். தொண்டையைச் சுடும் கன ஆல்கஹால்களும் அமினோ அமில வேலையோடு பிறப்பவை. மிகையாகப் பெருக வேண்டிவந்தால் இவையும் கூடும், அறை சூடாக இருந்தால் இன்னும் கூடும்.

பழ வாசனை தரும் எஸ்டர்கள் விஷயத்தில் மட்டும் இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. ஈஸ்ட் குறைந்தால் எஸ்டர் கூடும் என்பது வீட்டில் காய்ச்சுவோரின் பொது அனுபவம். ஜெர்மானியக் கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை தூக்கலாக வர வேண்டும் என்று வேண்டுமென்றே சற்றுக் குறைத்துப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஈஸ்ட் வகை, ஆக்சிஜன், வெப்பநிலை எல்லாம் சேர்ந்து இதை எந்தப் பக்கமும் திருப்பிவிடலாம். இதில் ஒற்றை விதி சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இன்னோர் ஆபத்து, தாமதம். போதிய ஈஸ்ட் போட்ட வாளியில் பாதி நாளுக்குள் மேலே நுரை கட்டத் தொடங்கும். வோர்ட்டின் அமிலத்தன்மை கூடும், ஆல்கஹால் சேரும், மற்ற கிருமிகள் தலைதூக்க முடியாது. ஈஸ்ட் குறைந்தால் இது இரண்டு நாள், மூன்று நாள் என்று தள்ளிப்போகும். இனிப்பான, வெதுவெதுப்பான, காவலில்லாத 20 லிட்டர் சாறு அத்தனை நேரமும் லாக்டிக் பாக்டீரியாவுக்கும் காட்டு ஈஸ்ட்டுக்கும் திறந்து கிடக்கும். பாலுக்கு உறை ஊற்றும்போது மோர் குறைந்தால் உறையாது, கூடினால் புளித்துப்போகும் என்பது நம் வீட்டுக் கைகளுக்குத் தெரிந்ததுதான். தயிரில் தப்பு மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். பீரில் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். அதனால்தான் கைக்கணக்கு இங்கே உதவுவதில்லை.

எண்ணிக்கையே முக்கியம் என்றால், கண்ணுக்குத் தெரியாத செல்லை எண்ணுவது எப்படி? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது பீரோடு நின்றுவிடவில்லை. இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்ப்பதும் அந்தப் பகுதிதான்.

1899இல் டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார் வில்லியம் சீலி கோஸெட். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்து வந்த 23 வயது இளைஞர். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் எவ்வளவு ஈஸ்ட் போடுவது என்பதை ஹீமோசைட்டோமீட்டர் வைத்து எண்ணிப் பார்ப்பது ஆலை வழக்கம். ரத்த அணுக்களை எண்ணுவதற்காக உருவான கண்ணாடித் தகடு அது. நடுவில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் நுண்ணிய கட்டங்கள் செதுக்கியிருக்கும். இன்று புழக்கத்தில் உள்ள தகட்டில் அந்தப் பரப்பின் மேல் நிற்கும் திரவத்தின் ஆழம் 0.1 மில்லிமீட்டர். ஈஸ்ட் கலந்த நீரில் ஒரு துளியை விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, நுண்ணோக்கியில் பார்த்து எண்ண வேண்டும். வந்த எண்ணிக்கையைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் உள்ள செல் கிடைக்கும். நீர் சேர்த்து விளாவியிருந்தால் அதற்கும் சேர்த்துப் பெருக்க வேண்டும். மெத்திலீன் நீலச் சாயம் ஒரு சொட்டுக் கலந்தால் செத்த செல்கள் நீலமாகக் கிடக்கும். உயிருள்ளவை அந்தச் சாயத்தை நிறமற்றதாக்கித் தெளிவாகத் தெரியும். ஒன்றையொன்று ஒட்டிய மொட்டு தாயில் பாதி அளவாவது இருந்தால் தனிச் செல், இல்லாவிட்டால் தாயோடு சேர்த்து ஒன்று என்று எண்ணுகிறவர் முன்கூட்டியே ஒரு முறையை வைத்துக்கொள்வார்.

துளிக்குத் துளி எண்ணிக்கை மாறுகிறதே, எந்த எண்ணை நம்புவது என்பதுதான் கோஸெட்டுக்கு எழுந்த கேள்வி. அவர் 400 கட்டங்களை எண்ணினார். அவர் வெளியிட்ட நான்கு எண்ணிக்கைகளில் ஒன்றில் கட்டத்துக்குச் சராசரி 4.68 செல். செல்லே இல்லாத கட்டம் ஒன்றுகூட இல்லை. ஒற்றைச் செல் கொண்ட கட்டங்கள் 20, நான்கு கொண்டவை 86. இரண்டு கட்டங்களில் 12 செல்கள். நன்றாகக் கலக்கிய ஒரே திரவம்தான், ஆனாலும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பரவிக் கிடக்கிறது. இந்தப் பரவல் தாறுமாறானது அல்ல. சராசரி 4.68 என்ற ஒற்றை எண்ணை வைத்தே, ஐந்து செல் உள்ள கட்டங்கள் 69 இருக்க வேண்டும், ஆறு உள்ளவை 54 இருக்க வேண்டும் என்று சூத்திரம் சொல்கிறது. கோஸெட் எண்ணியதில் இருந்தவை 70, 54. இன்று பாய்சான் பரவல் என்று கல்லூரியில் படிக்கும் சூத்திரம்தான் அது.

1907இல் பயோமெட்ரிகா இதழில் ஹீமோசைட்டோமீட்டர் எண்ணிக்கையின் பிழையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட கின்னஸ் அனுமதிக்காததால் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில். மறு ஆண்டு அதே பெயரில் எழுதியதுதான் இன்று மருந்து ஆய்வு முதல் வேளாண் ஆய்வு வரை எல்லோரும் பயன்படுத்தும் ஸ்டூடண்ட் டி-சோதனைக்கு அடித்தளம். ஈஸ்ட்டைச் சரியாக அளக்க வேண்டும் என்ற ஆலைக் கவலை புள்ளியியலுக்குச் செய்த உபகாரம் சிறியதல்ல.

அவர் கண்டதிலிருந்து நமக்கு நேரடியாக உதவும் உண்மை ஒன்று உண்டு. எண்ணியது 100 செல் என்றால் அதன் இயல்பான பிழை 100இன் வர்க்கமூலம், அதாவது 10. நூற்றுக்குப் பத்து. 400 செல் எண்ணினால் பிழை 20, நூற்றுக்கு ஐந்துதான். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு எண்ண வேண்டும். நுண்ணோக்கியும் பொறுமையும் உள்ளவர்க்கே இந்த அளவு தடுமாற்றம் உண்டு என்றால், வீட்டுக்காரர் 18,000 கோடியை அப்படியே எட்ட வேண்டும் என்று கவலைப்படத் தேவையில்லை. 15,000 கோடியும் 22,000 கோடியும் பீரில் பெரிய வித்தியாசம் காட்டாது. 4,000 கோடி காட்டும்.

நுண்ணோக்கி இல்லாத வீட்டில் கணக்கு பாக்கெட்டிலிருந்து தொடங்குகிறது. திரவ ஈஸ்ட்டின் வழக்கமான ஒரு பையில் ஆலையை விட்டுக் கிளம்பும்போது சுமார் 10,000 கோடி செல் இருக்கும். 20 லிட்டர் ஏலுக்கே அது போதாது, லாகருக்குக் கேட்கவே வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்தாலும் செல்கள் செத்துக்கொண்டே இருக்கும். மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று உத்தேசமாகக் கழிப்பது வழக்கம். உண்மையில் வகைக்கு வகை மாறுபடும். அதனால் திரவ ஈஸ்ட்டை இரண்டு நாள் முன்பே சிறிய வோர்ட்டில் பெருக்கிக்கொள்வது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர்ந்த மால்ட் சாறுப் பொடியைக் கரைத்துக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, அறை வெப்பத்துக்கு ஆற்றி, ஈஸ்ட்டைச் சேர்த்து, வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, அவ்வப்போது குலுக்கிக்கொண்டிருந்தால் போதும். அடியில் பால் வெள்ளையாகக் கெட்டியான படிவு தெரியும். குளிர்பெட்டியில் வைத்துத் தெளியவிட்டு, மேல் நீரை வடித்துவிட்டுப் படிவை மட்டும் சேர்க்கலாம்.

உலர் ஈஸ்ட்டின் சேதி வேறு. ஆக்சிஜன் தாராளமாகக் கொடுத்து, சர்க்கரையை அளந்து அளந்து ஊட்டி வளர்த்து உலர்த்துவதால், அது உறைக்கு வேண்டிய ஸ்டெரால் கையிருப்போடு வருகிறது. உலர்வைத் தாங்க ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையையும் சேமித்து வைத்திருக்கும். எனவே முதல் தடவைக்குக் காற்றேற்றுவதுகூட அத்தனை அவசியமில்லை. தயாரிப்பாளர்கள் ஏலுக்கு 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை, லாகருக்கு 80 முதல் 120 கிராம் வரை என்கிறார்கள். 20 லிட்டர் ஏலுக்கு 10 முதல் 16 கிராம். 11 கிராம் சொச்சம் உள்ள ஒரு பாக்கெட் சாதாரண ஏலுக்கு ஒப்பேறும். லாகருக்கு இரண்டு வேண்டும். 20 டிகிரி பிளாட்டோவைத் தாண்டும் கன பீருக்கும் இரண்டு.

நேராகத் தூவலாமா, நீரில் ஊறவைக்க வேண்டுமா என்பதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே இன்று இரு கருத்து இருக்கிறது. ஊறவைப்பதே என் கட்சி. உலர்ந்த செல்லின் உறை முதல் சில நிமிடங்களுக்கு எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற கட்டுப்பாடு இல்லாமல் இருக்கும். அந்த நேரத்தில் அடர்ந்த சர்க்கரைச் சாற்றைவிட வெறும் வெதுவெதுப்பான நீர் அதற்கு இதமானது. ஈஸ்ட்டின் எடையைப் போலப் பத்து மடங்கு நீர், 30 முதல் 35 டிகிரி சூடு. மேலே தூவிக் கால் மணி நேரம் தொடாமல் விட்டால் துகள்கள் உப்பி, வெண்பழுப்பு நிறத்தில் குழைந்து வரும். மெதுவாகக் கலக்கி, வோர்ட்டின் வெப்பத்துக்கு ஆறவிட்டு ஊற்ற வேண்டும். கன பீர் செய்கிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

அதிகமாகப் போடும் தவறு பெரும்பாலும் நடப்பது சிக்கனத்தால். ஒரு பீர் முடிந்ததும் வாளியின் அடியில் தங்கிய ஈஸ்ட் முழுவதன் மேலும் புது வோர்ட்டை ஊற்றிவிடுகிறார்கள். மில்லிலிட்டருக்கு ஐந்து கோடி வரை பெருகிய 20 லிட்டரின் அடியில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி செல் படிந்திருக்கும். தேவையைப் போல ஐந்து மடங்குக்கு மேல். நொதித்தல் சட்டென்று கிளம்பும், வாளி சூடாகும், ஒரே நாளில் ஆட்டம் அடங்கிவிடும். புதுச் செல்கள் அதிகம் பிறக்காததால் கிழட்டுச் செல்களே மிஞ்சும். அடுத்தடுத்த காய்ச்சலுக்கு இதையே எடுத்தால் அவற்றின் பங்கு கூடிக்கொண்டே போகும். செத்த செல்கள் கரைந்து இறைச்சிச் சாறு போன்ற வாடையும் வரலாம். படிவில் ஒரு கோப்பை, சுமார் 200 மில்லி, எடுத்தால் போதும். மற்றதைக் கொட்டிவிடலாம்.

இதையெல்லாம் யார் செய்யலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் வீட்டு பீருக்கு உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் காய்ச்சுவதற்கு வழிவிட்டது. அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் 2013 வரை இழுத்தடித்தன. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். இங்கிருப்பவர்களுக்கு இது படித்து அறிவதற்கான விஷயம் மட்டுமே. கனடாவிலோ பிரிட்டனிலோ இருக்கும் வாசகர் அடுத்த முறை காய்ச்சும்போது செய்முறைக் குறிப்பின் கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லிட்டரையும் பிளாட்டோவையும் பெருக்கிப் பாருங்கள், பாக்கெட்டின் தேதியைப் பாருங்கள். எண் கொஞ்சம் இழுபறியாக இருந்தால் குறைவின் பக்கம் போகாமல் கூடுதலின் பக்கமே சாயுங்கள். ஆறு மாதம் கடந்த திரவ ஈஸ்ட் பை மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், பெருக்கி எடுக்க நேரமில்லாத பட்சத்தில், அன்றைக்குக் காய்ச்சாமல் புதிதாக ஒன்று வாங்கி வந்த பிறகு அடுப்பை மூட்டுங்கள்.